முதலில் துணை, பிறகு தூரம்

சென்னைக்கு வேலைக்கு வந்து சேருகிறவர்களில் பலருக்கு ஆறேழு மாதத்துக்குள் இந்த ஆசை வந்துவிடுகிறது. தேனியிலோ கள்ளக்குறிச்சியிலோ இருந்தவரை நடப்பதற்கும் சைக்கிள் மிதிப்பதற்கும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருந்ததில்லை. இங்கே வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ ஒரு வாடகை வீடு, பகல் முழுக்க நாற்காலி, இரவில் வரவழைத்த சாப்பாடு என்று நாள் போகிறது. பேன்ட் இறுகுகிறது. அலுவலகத்துக்கு வெளியே பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை என்பதும் உறைக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கைபேசியில் ஒரு மாரத்தான் அறிவிப்பு கண்ணில் படும். அன்றே 21 கிலோமீட்டருக்குப் பணம் கட்டி, வார இறுதியில் ஷூ வாங்கி, ஒரு செயலியை இறக்கி, எங்கோ கிடைத்த 12 வாரப் பயிற்சி அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டு, திங்கட்கிழமை காலை தனியாக ஓடத் தொடங்குவார்கள். பதிவு, ஷூ, செயலி, அட்டவணை, கடைசியாக ஆட்கள் என்பதே பெரும்பாலோர் போகும் வரிசை. அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். வீட்டுக்குப் பக்கத்தில் வாராவாரம் ஓடும் அல்லது சைக்கிள் ஓட்டும் ஒரு குழுவை முதலில் கண்டுபிடியுங்கள். எந்தப் பந்தயம், எத்தனை கிலோமீட்டர், என்ன ஷூ என்பதையெல்லாம் அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

பந்தய நாள் என்பது மிகச் சிறியது. சென்னை மாரத்தானை எடுத்துக்கொள்வோம். சமீப ஆண்டுகளில் ஜனவரித் தொடக்கத்தில், நேப்பியர் பாலத்திலிருந்து, விடிவதற்கு வெகு நேரம் முன்பே தொடங்கும் பெரிய நிகழ்ச்சி இது. இருட்டில் போய்ச் சேருகிறீர்கள், ஆயிரக்கணக்கானவர்களோடு நிற்கிறீர்கள், ஓடுகிறீர்கள், பதக்கம் வாங்குகிறீர்கள், பொட்டலத்தில் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கிறீர்கள். அவ்வளவு கூட்டத்தில் ஒருவரையும் தெரியாமல் போய் ஒருவரையும் தெரியாமலே திரும்பி வரலாம். ஊர் புதிது என்ற தனிமை அந்த நாளால் தீராது, உடம்பும் ஒரு நாளில் மாறாது. இரண்டையும் மாற்றுவது அதற்கு முந்தைய மூன்று நான்கு மாதங்கள். அந்த மாதங்களை யாரோடு கழிக்கிறீர்கள் என்பதற்குத்தான் அதிக யோசனை தேவை. நடைமுறையில் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. எந்தப் பந்தயத்துக்குப் பதிவு செய்வது என்று வாரக்கணக்கில் அலசுகிறவர்கள், எங்கே யாரோடு பயிற்சி செய்வது என்பதற்குப் பத்து நிமிடம்கூடச் செலவழிப்பதில்லை.

ஓட்டம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்பதற்குக் கனமான சான்று இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இருவர் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய 11 லட்சம் பேரின் ஓட்டப் பதிவுகளை ஐந்தாண்டு அளவுக்குத் தொடர்ந்து பார்த்தது. நண்பர்கள் ஒரே மாதிரி ஓடுவதை வைத்து மட்டும் ஒருவர் மற்றவரைத் தூண்டினார் என்று சொல்லிவிட முடியாது. ஒரே ரசனை உள்ளவர்கள்தானே நண்பர்கள் ஆகிறார்கள்? அந்தச் சிக்கலை அவிழ்க்க அவர்கள் வானிலையைப் பயன்படுத்தினார்கள். ஒரு நகரத்தில் மழை பெய்தால் அங்கிருப்பவர் அன்று குறைவாக ஓடுவார். வேறொரு நகரத்தில், வெயில் பளிச்சென்று அடிக்கும் இடத்தில் இருக்கும் அவருடைய நண்பரும் அன்று குறைவாக ஓடினால், அதற்கு மழை காரணமாக இருக்க முடியாது; நண்பர்தான் காரணம். பதிவுகள் அதையே காட்டின. திரையில் ஒரு எண்ணாக மட்டும் தெரியும், எங்கோ தொலைவில் இருக்கும் நண்பருக்கே இவ்வளவு வலு என்றால், காலை ஐந்து மணிக்குத் தெருமுனையில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு நிற்கும் ஆளுக்கு அதைவிட அதிகம் இருக்கும் என்று நான் கருதுகிறேன். நவம்பர் மழையில் எழுந்து போவதற்கு மன உறுதி வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லும். அடுத்த தெருக்காரர் காத்திருக்கிறார் என்பது அதைவிட நம்பகமான ஏற்பாடு.

உடம்பின் பக்கமிருந்து பார்த்தாலும் முடிவு இதுதான். புதிதாக ஓடத் தொடங்குகிறவருக்கு இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும், மூச்சு வாங்குவது குறையும். தசைநாரும் எலும்பும் அந்த வேகத்தில் வலுப்பெறுவதில்லை, அவற்றுக்கு மாதங்கள் வேண்டும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று தூரத்தைக் கூட்டுகிறபோதுதான் முழங்காலும் குதிகாலும் கணைக்கால் எலும்பும் வலிக்கத் தொடங்குகின்றன. இதைத் தடுக்க வாரத்துக்குப் பத்து சதவீதம் மட்டும் கூட்டுங்கள் என்ற விதியை எல்லோரும் சொல்வார்கள். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் நான்கு மைல் ஓட்டத்துக்குத் தயாரான புதியவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பத்து சதவீத விதிப்படி 13 வாரப் பயிற்சி, இன்னொரு பிரிவுக்கு வழக்கமான 8 வாரப் பயிற்சி. 2008இல் வெளியான முடிவு, இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம் என்று காட்டியது. அட்டவணை மென்மையாக இருந்ததால் மட்டும் யாரும் தப்பிக்கவில்லை. உங்கள் கால் இன்று எப்படி விழுகிறது, நேற்றைய வலி இன்று இடம் மாறியிருக்கிறதா, பேச்சு தடைபடாமல் ஓடுகிறீர்களா என்பதை அட்டவணை பார்க்காது. பக்கத்தில் ஓடும் பழகிய ஆள் பார்ப்பார். இரண்டு வாரம் ஓடாமல் நடந்துவிட்டு வாருங்கள் என்று அவர் சொல்வதைக் கேட்க மனம் வரும். சுவரில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்தால், விட்டுப்போன நாட்கள் மட்டும்தான் தெரியும்.

சென்னைக்கென்று இன்னொரு காரணமும் உண்டு, அது வெக்கை. மே மாதம் அதிகாலை ஐந்து மணிக்கே வெப்பம் 28 டிகிரியை ஒட்டி நிற்கும். கடற்கரை ஈரப்பதத்தில் வியர்வை உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. கோவையிலிருந்தோ ஓசூரிலிருந்தோ ஏப்ரலில் வந்து இறங்குகிறவர் தன் பழைய வேகத்தில் இங்கே ஓட முயன்றால் மூன்றாவது கிலோமீட்டரிலேயே தலை சுற்றும். புதிய வெக்கைக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும், அதுவும் தினமும் கொஞ்ச நேரமாவது அந்த வெக்கையில் உடலை இயக்கினால். அதுவரை நேரத்தை மட்டும் கணக்கில் வையுங்கள், வேகத்தை விட்டுவிடுங்கள். தண்ணீர் விஷயத்தில் ஊரே சொல்லும் அறிவுரை “நிறைய குடி” என்பது. அது பாதிதான் சரி. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பு அளவுக்குக் கீழே போயிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்கு நீர் குடித்தவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும் அதில் அதிகம். மெதுவாக ஓடும் புதியவர், எல்லாத் தண்ணீர்ப் பந்தலிலும் நின்று வயிறு முட்டக் குடிப்பதால் வரும் ஆபத்து இது. தாகத்துக்குக் குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் தண்ணீரோடு ஓ.ஆர்.எஸ்.ஸோ உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். வெயிலில் நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

சரி, குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது? சென்னையில் இது முன்பைவிட எளிது. 2006இல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் அமைப்புக்குப் பேட்டைவாரியாகக் கிளைகள் இருக்கின்றன. அதைத் தவிர, மெரினா, பெசன்ட் நகர் கடற்கரை, அண்ணா நகர், பழைய மகாபலிபுரம் சாலை ஓரக் குடியிருப்புகள் என்று எங்கே போனாலும் விடியற்காலையில் நாலு பேர் சேர்ந்து ஓடுவதைப் பார்க்கலாம். தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல் போதும்: கூடும் இடம் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நகரத்திலேயே பேர்பெற்ற பயிற்சியாளர் இருக்கும் குழு பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால், முதல் மாத உற்சாகம் அடங்கிய பிறகு நீங்கள் போகமாட்டீர்கள். பக்கத்தில் இருப்பது சுமாரான குழுவாக இருந்தாலும் அதுவே மேல். சேரும் முன் ஒருங்கிணைப்பாளரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். நடந்தும் ஓடியும் வருகிறவர்களுக்கு இடம் உண்டா, கடைசியாக வருகிறவரோடு யாராவது வருவார்களா, வாரநாட்களில் எத்தனை முறை கூடுகிறார்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்தே குழுவை எடை போட்டுவிடலாம். இங்கிலாந்தின் புஷி பார்க்கில் 2004 அக்டோபரில் 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன், இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் 5 கிலோமீட்டருக்குக் கட்டணமின்றி நடக்கிறது. அங்கே கடைசி ஆளாக வருவதற்கென்றே ஒரு தன்னார்வலரை நியமிக்கிறார்கள். அதனால் வந்தவர்களில் எவரும் கடைசி ஆகமாட்டார். இந்தியாவில் நல்ல குழுக்கள் இதே ஏற்பாட்டைப் பெயர் சூட்டாமல் செய்கின்றன.

முதல் நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் பாதித் தயக்கம் போய்விடும். ஐந்து மணிக்குக் கூடுவதாகச் சொல்லியிருந்தால் ஐந்தேகாலுக்குத்தான் கிளம்புவார்கள், ஆனால் நீங்கள் நாலு ஐம்பதுக்கே போய்விடுங்கள். யாரோ ஒருவர் காரின் பின்கதவைத் திறந்து தண்ணீர்க் கேனையும் வாழைப்பழச் சீப்பையும் வைத்திருப்பார். வண்டிச் சாவிகளை ஒரு பையில் போட்டு அங்கேயே விட்டுவிடுவது பல இடங்களில் பழக்கம். பத்து நிமிடம் கை, கால் அசைத்துச் சூடேற்றிய பிறகு வேகத்துக்குத் தகுந்தபடி பிரிவார்கள். உங்களிடம் எவ்வளவு ஓடுவீர்கள் என்று கேட்டால் உள்ளதைவிடக் குறைத்தே சொல்லுங்கள். இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று அரை மணி நேரம் போதும். ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். கைக்கடிகாரம் என்ன சொன்னாலும் சரி, இதுதான் அளவு. முடித்தபின் பக்கத்துக் கடையில் டீயோ இட்லியோ உண்டு. அந்த அரை மணி நேரத்தைத் தவிர்த்துவிட்டு ஓடிப்போகாதீர்கள். எந்தத் தெருவில் நாய்த்தொல்லை, எந்த மருத்துவர் காயத்துக்கு நல்லவர், யார் வீட்டில் மாடி காலியாகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.

இப்படி இரண்டு மாதம் போனபின் பந்தயத்தைத் தேர்ந்தெடுங்கள். குழுவில் அதிகம் பேர் போகும் நிகழ்ச்சி எதுவோ, அதில் 5 அல்லது 10 கிலோமீட்டர் போதும். அரை மாரத்தானை முதல் ஆண்டில் தொட வேண்டாம் என்பது என் கருத்து. அறிவிப்பைப் படிக்கும்போது பதக்கப் படத்தையும் டி-ஷர்ட்டையும் தாண்டிப் பாருங்கள். தண்ணீர் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஆம்புலன்ஸ் எத்தனை, முடிக்க எவ்வளவு நேரம் தருகிறார்கள், நிகழ்ச்சி ரத்தானால் பணம் என்ன ஆகும் என்பவை எழுதியிருக்கிறதா? கடைசிக் கேள்வி சென்னையில் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயலும் மழையும் எந்த ஞாயிற்றுக்கிழமையையும் கெடுக்கலாம். பெரிய நிகழ்ச்சிகளில், சட்டையில் குத்திக்கொள்ளும் பிப் எண்ணை முதல் நாளோ இரண்டு நாள் முன்போ நேரில் போய், அடையாள அட்டை காட்டி வாங்க வேண்டியிருக்கும், அன்று காலை கொடுக்கமாட்டார்கள். வாங்கியதும் அதன் பின்பக்கத்தில் இரத்த வகை, அவசரத் தொடர்பு எண், மருந்து ஒவ்வாமை இருந்தால் அது ஆகியவற்றைப் பேனாவால் எழுதுங்கள். ஊரில் இருக்கும் அம்மாவின் எண்ணை எழுதுவதைவிட, அரை மணியில் வந்து சேரக்கூடிய சென்னைவாசி ஒருவரின் எண்ணை எழுதுவதே பயன். வர முடியாத நண்பரின் பிப்பை மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள். நீங்கள் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு உங்களை அவர் என்று நினைத்து அவருடைய வீட்டுக்குத்தான் தகவல் சொல்லும். போக்குவரத்தையும் முன்பே யோசியுங்கள். மெட்ரோ வழக்கமாக 5 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். மாரத்தான் நாளில் முன்னதாகவே விடுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேப்பியர் பாலத்துக்கு அரசினர் தோட்டம் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். சாலைகளை மூடியிருப்பார்கள், ஆட்டோ பாதி வழியில் இறக்கிவிடும். குழுவோடு போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை, நாலு பேர் ஒரு காரில் போய்விடுவார்கள்.

சைக்கிளுக்கு வந்தால் இந்த வாதம் இன்னும் வலுக்கிறது, காரணம் பாதுகாப்பு. ஓட்டக்காரர் நடைபாதையிலோ கடற்கரைச் சாலையிலோ ஒதுங்கிவிடலாம். சைக்கிள்காரருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தும் சுற்றுலா வண்டியும் பக்கத்துணை. பத்துப் பேர் ஒற்றை வரிசையில், பின்விளக்கு மினுங்க, பளபளப்புச் சட்டையோடு போகும்போது ஓட்டுநர் கண்ணில் படுவது போலத் தனி ஆள் படுவதில்லை. முன்னால் போகிறவர் கையைக் கீழே காட்டினால் பள்ளம், கை முதுகுக்குப் பின்னால் போனால் ஒதுங்கு, கை மேலே போனால் நிறுத்தம் என்று சைகைகள் உண்டு. குழுவுக்குக் குழு சற்று மாறும், ஆகவே முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சைக்கிள் வாங்குவதையும் தள்ளிப்போடலாம். வீட்டில் இருக்கும் சாதாரண சைக்கிளில் பிரேக்கைச் சரிசெய்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, ஹெல்மெட் மட்டும் நல்லதாக வாங்கி, திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரை போய்வரும் குழுவோடு சில வாரம் போங்கள். பழைய உறுப்பினர் விற்கும் சைக்கிள் இந்தக் காலத்துக்குள் உங்கள் காதில் விழும். கடையில் பளபளப்பைப் பார்த்து வாங்குவதைவிட, உங்கள் உயரத்துக்குச் சட்டகம் சரியா என்று ஓட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. சட்டக அளவு தவறினால் எவ்வளவு விலையான சைக்கிளும் கழுத்தையும் மணிக்கட்டையும் நோகடிக்கும்.

நீண்ட தூர சைக்கிள் நிகழ்ச்சிகளில் முதலிடம் பிரெவே எனப்படும் பி.ஆர்.எம். சவாரிகளுக்கு. பாரிஸின் ஆடாக்ஸ் கிளப் விதிகளின்படி இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா இவற்றை நடத்துகிறது, சென்னையில் மெட்ராஸ் ராண்டனர்ஸ் ஒழுங்கு செய்கிறார்கள். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள், 300ஐ 20 மணிக்குள், 400ஐ 27 மணிக்குள், 600ஐ 40 மணிக்குள் முடிக்க வேண்டும். வழியில் குறித்த இடங்களில் நேரத்தைப் பதிய வேண்டும். முதல் இடம், இரண்டாம் இடம் என்று எதுவும் கிடையாது. காலத்துக்குள் வந்தவர் எல்லோரும் வந்தவர்தான். இந்த நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவர் சூப்பர் ராண்டனர். 1891இல் தொடங்கி, இப்போது நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-ப்ரெஸ்ட்-பாரிஸ் சவாரிக்கும் இதுதான் வழி, அடுத்தது 2027இல். இங்கே என் வாதத்துக்கு எதிராக நியாயமான ஒரு கேள்வி எழும். பி.ஆர்.எம். விதியே தன் காலில் நிற்பதுதான். பின்னால் உதவி வண்டி வரக்கூடாது, பஞ்சரை நீங்களே ஒட்ட வேண்டும், உணவை நீங்களே தேட வேண்டும். அப்புறம் குழு எதற்கு? அந்தத் தன்னிறைவு எங்கே கற்கப்படுகிறது என்று பாருங்கள். கோவளம் தாண்டிய இருட்டுச் சாலையில், ஹெட்லைட் வெளிச்சத்தில், டயரைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவி முள்ளைத் தேடுவதும், முள்ளை எடுக்காமல் புது டியூப் போட்டால் அடுத்த கிலோமீட்டரிலேயே அதுவும் போகும் என்பதும், ஞாயிறு சவாரிகளில் யாருக்காவது பஞ்சராகி எல்லோரும் நின்று பார்த்தபோது தெரிந்துகொள்வது. தனியே போகத் தேவையான எல்லாமே கூட்டத்தில் கற்றதாக இருக்கும்.

இதையெல்லாம் ஒப்புக்கொண்டும் தனியாக ஓடுவதே எனக்குப் பிடிக்கும் என்பவர்கள் உண்டு. அவர்களை மாற்ற வேண்டியதில்லை. வாரத்தில் நான்கு நாள் தனியாக ஓடி, ஒரு நாள் மட்டும் குழுவுக்குப் போனாலும் நான் சொல்வது நிறைவேறிவிடும். இன்னொரு தடை இதைவிடக் கனமானது, அதை வெளிப்படையாகப் பேசுவதும் குறைவு. சென்னை ஓட்டக் குழுக்களில் வாட்ஸ்அப் பேச்சு ஆங்கிலத்தில் நடக்கும், கையில் விலையான கடிகாரங்கள் இருக்கும், பேச்சு வெளிநாட்டு மாரத்தான்களைச் சுற்றும். சிறு ஊரிலிருந்து வந்து மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கிறவருக்கு இது நம் இடமில்லை என்று தோன்றும். தோன்றுவது தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் குழு என்றால் அந்த ஒரு வகை மட்டுமில்லை. தமிழக அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை உண்டு. கட்டணமும் கிடையாது, ஆங்கிலமும் தேவையில்லை. அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த, அப்போது அத்துறையின் அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன், விபத்தில் காலில் அடிபட்டபின் நடுவயதில் ஓடத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட மாரத்தான் நிகழ்ச்சிகளில் ஓடியவர். பேட்டைப் பூங்காவில் தினமும் நடக்கும் நாலு பெரியவர்களும் குழுதான். அவர்களோடு இரண்டு மாதம் வேகமாக நடந்தவருக்கு 5 கிலோமீட்டர் பந்தயம் எட்டாத தூரமில்லை. பெரிய குழுக்களின் ஒருங்கிணைப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அறிவிப்பைத் தமிழிலும் போடுங்கள், வரவேண்டியவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் வருவார்கள்.

பெண்களுக்குக் கேள்வி வேறு. விடியுமுன் இருட்டில் தெருவில் இறங்குவதே முதல் தடை. இதற்குத் தைரியம் சொல்லிப் பயனில்லை, ஏற்பாடு வேண்டும். வாசலிலிருந்து கூடும் இடம்வரை வழித்துணை உண்டா என்று குழுவில் நேராகக் கேட்கலாம், கேட்க வேண்டும். மேலே சொன்ன எம்.ஐ.டி. ஆய்வில் ஆண்களை ஆண்களும் பெண்களும் தூண்டினார்கள், பெண்களைப் பெண்கள் மட்டுமே தூண்டினார்கள். ஆகவே ஏற்கெனவே மூன்று நான்கு பெண்களாவது தவறாமல் வரும் குழுவைத் தேடுவது, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் கூடுதல் என்றாலும், தகும். இரவுப்பணி பார்க்கிறவர்களுக்கு அதிகாலைக் குழு ஒத்துவராது. தூக்கத்தைத் திருடி ஓடினால் காயம்தான் மிஞ்சும். அலுவலக வளாகத்திலேயே பணி தொடங்குமுன் மாலையில் ஓடும் சகாக்களைச் சேர்த்துக்கொள்வதே அவர்களுக்கு வழி.

மாரத்தானில் யாரோ விழுந்து இறந்தார் என்ற செய்தி வரும்போதெல்லாம் வீட்டிலிருந்து தொலைபேசி வரும். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை அரை, முழு மாரத்தான்களில் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரைப் பற்றிய ஆய்வு 2012இல் வந்தது. 59 பேருக்கு இதயம் நின்றது, 42 பேர் இறந்தார்கள். ஆபத்து மிகச் சிறியது, ஆனால் அது எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. 59 பேரில் 51 பேர் ஆண்கள். முழு மாரத்தானில் விகிதம் அரை மாரத்தானைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. பிழைத்தவர்களுக்கும் பிழைக்காதவர்களுக்கும் இடையில் இருந்த பெரிய வேறுபாடுகளில் ஒன்று, பக்கத்தில் இருந்தவர் உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்தாரா என்பது. நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் மாரடைப்பு உள்ளவர்களும் தொடங்குமுன் மருத்துவரைப் பாருங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வந்தால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். தனியாக ஓடுகிறவருக்கு அந்த நிமிடத்தில் பக்கத்தில் யாரும் இல்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் வாதத்தின் மேல் வைக்கக்கூடிய வலுவான ஆட்சேபம் அதன் சான்றிலேயே இருக்கிறது. ஓட்டம் தொற்றும் என்றால் அளவுமீறலும் தொற்றும். 10 கிலோமீட்டர் முடித்த மறுவாரமே “அடுத்து அரையா?” என்பார்கள், அரையை முடித்தால் முழு மாரத்தானும், பிறகு 200 கிலோமீட்டர் சவாரியும் வந்து நிற்கும். அதே எம்.ஐ.டி. ஆய்வில், குறைவாக ஓடுகிறவர் அதிகம் ஓடுகிறவரைத் துரத்தும் வலு மறுதிசையில் இருந்ததைவிட அதிகம் என்று தெரிந்தது. பின்னால் யாரோ நெருங்கி வருகிறார் என்பது பழகியவர்களையே விரட்டுகிறது. இதனால் காயப்பட்டு ஒரேயடியாக நிறுத்திவிடுகிறவர்கள் குழுக்களில்தான் அதிகம் கண்ணில் படுவார்கள். இதற்குப் பதில் குழுவைத் தவிர்ப்பது அல்ல, தூரத்தை முன்கூட்டியே கட்டிப்போடுவது. சேரும் அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் “இந்த ஆண்டு 10 கிலோமீட்டர் மட்டும்” என்று சொல்லிவிடுங்கள், நாலு பேர் காதுபடச் சொல்லுங்கள். சொன்னபின் மாற்றுவது கூச்சமாக இருக்கும், அந்தக் கூச்சம் இங்கே உதவும். வலி என்று சொன்னவரைக் கேலி செய்யும் குழுவாக இருந்தால், மெதுவாக வருகிறவர் முடிக்கும் முன்பே கலைந்துவிடும் குழுவாக இருந்தால், வேறு குழு பாருங்கள். நகரத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

இன்னும் தயக்கமாக இருந்தால் ஓடாமலே தொடங்கலாம். எல்லா நிகழ்ச்சிகளுக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கவும், பிப் விநியோகிக்கவும், திருப்பத்தில் நின்று வழிகாட்டவும் தன்னார்வலர்கள் வேண்டும், பெரும்பாலும் ஆள் போதாது. முப்பதாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசைக்குப் பின்னால் மூன்று மணி நேரம் நின்றவர், எந்த வேகத்தில் வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போகிறார்கள், எந்த வேகத்தில் வந்தவர்கள் தசைப்பிடிப்பில் உட்காருகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துவிடுவார். பக்கத்தில் நின்று கோப்பை நிரப்பியவர்களில் இரண்டு பேர் உங்கள் பேட்டைக்காரர்களாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தப் பக்கத்தை மூடியதும் பதிவுத் தளத்தைத் திறக்காதீர்கள். உங்கள் பேட்டையில் ஓடும் ஒருவரையோ சைக்கிள் ஓட்டும் ஒருவரையோ தேடி, வரும் ஞாயிறு எங்கே, எத்தனை மணிக்குக் கூடுகிறார்கள் என்று கேளுங்கள். இருக்கிற ஷூவே போதும், போய் நில்லுங்கள்.